வெறுங்குளத்துக்குப் போய்ச் சேராத மீன்கள்

பின்னோடைப் பட்டி,
22 ஜூன் 1958

ஐவினுக்கு,

உன் அண்ணி குரோ எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பள்ளிக்கூடம் போனவளின் எழுத்து இப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் அண்ணன் மார்ச் ஒன்பதாம் தேதி போய்விட்டார். தந்தி கொடுத்தேன். நீ வரவில்லை. அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. தரை உறைந்து கிடந்ததால் ஏழு நாள் காத்திருந்துதான் புதைத்தோம். அந்த ஏழு நாளும் பேருந்து வரும் நேரத்துக்குச் சாலைப் பக்கம் பார்த்தேன், அவ்வளவுதான்.

நெஞ்சுவலி வந்து நான்கு நாள் படுத்திருந்தார். மூன்றாம் நாள், "ஐவின்கிட்டருந்து ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடமாக ஒன்றும் வராத மனிதனிடமிருந்து அன்றைக்கு என்ன வரும்? "வரும், வரும்" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டில் இருக்க முடியவில்லை. அவருடைய கோட்டு கொக்கியில் தொங்குகிறது. எடுக்கவும் கை வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. அதனால் நம் மாடுகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மலைக்கு வடக்கே ஹெல்கே என்கிற பண்ணைக்காரரின் கோடைப் பட்டிக்குக் கறவை வேலைக்கு வந்திருக்கிறேன். பதினான்கு பசு, இருபது ஆடு, நானும் மார்கித் என்று இன்னொருத்தியும். பாலைக் காய்ச்சிப் பழுப்புப் பாலாடைக்கட்டி செய்கிறோம். வியாழக்கிழமை வண்டி வந்து கட்டியையும் கடிதத்தையும் எடுத்துப் போகும்.

கேட்க வந்தது இதுதான். பட்டிக்குப் பின்னால் ஒரு ஓடை இருக்கிறது. இதற்குப் பெயர்கூடக் கிடையாது, பின்னோடை என்கிறார்கள். கீழே பெரிய அருவியாக விழுகிறது. இதில் மீன் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒருத்தரும் தூண்டில் போட்டதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பால் வாளியைக் கழுவும்போது தண்ணீரில் வட்டம் பார்த்தேன். ஒன்று, பிறகு இன்னொன்று. மழை இல்லை.

தெரியாத ஓடையில் ட்ரவுட் மீன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? உன் அண்ணன் எப்போதும், "தண்ணியப் படிக்கிறதுல ஐவின மிஞ்ச ஆளில்ல" என்பார். அதனால் உன்னைக் கேட்கிறேன்.

இன்னொன்றும் எழுத இருந்தேன். அடுப்பில் பால் பொங்குகிறது.

குரோ

*

ஃபியோர்ட் கரை,
30 ஜூன்

திருமதி குரோ அவர்களுக்கு,

தந்தி வந்தது. உருக்காலையில் ஆள் குறைவு, விடுப்புக் கிடைக்கவில்லை என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. இதில் பொய் எதற்கு.

உங்களுக்கு நேர்ந்தது பெரிய துக்கம். எனக்கும் அவன் அண்ணன்தான். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

ஓடை விஷயம். அருவி எவ்வளவு உயரம்? மூன்று ஆள் உயரத்துக்கு மேலே என்றால் எந்த மீனும் ஏறாது. ஏறாத இடத்தில் மீன் இருக்காது. நீங்கள் பார்த்தது ஏதாவது பூச்சி முட்டையிட்டுப் போனதாக இருக்கும். இல்லையென்றால் நீரில் முங்கி முங்கி எழும் அந்தக் குட்டைவால் பறவை.

ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

வட்டத்தின் நடுவில் ஒரு குமிழி மிதந்து போகிறதா பாருங்கள். மீன் வாயைத் திறந்து இரையை எடுக்கும்போது காற்றும் சேர்ந்து போகும், குமிழி விடும். பூச்சி குமிழி விடாது.

புது ஓடை என்றால் முதல் நாள் தண்ணீருக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். தள்ளி உட்கார்ந்து நுரை எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் பாருங்கள். நுரை போகிற வழியில்தான் இரையும் போகும். வேகத் தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசுகிற கோட்டில், பாறைக்குப் பின்னால், புல் தொங்கும் கரைக்கு அடியில் மீன் நிற்கும். எப்போதும் மேட்டுப் பக்கம் பார்த்து நிற்கும். அதனால் நீங்கள் பள்ளத்திலிருந்து மேலே வாருங்கள். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. தண்ணீருக்குள் ஒரு கல்லைப் புரட்டுங்கள். அடியில் குச்சியும் மணலும் ஒட்டிக் கூடு கட்டிய புழு இருந்தால் அங்கே மீன் பிழைக்கலாம்.

பிழைக்கலாம் என்றுதான் சொன்னேன். இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஐவின்

*

பின்னோடைப் பட்டி,
6 ஜூலை

ஐவின்,

திருமதி என்று எழுதியிருக்கிறாய். என் கையால் எத்தனை கிண்ணம் கஞ்சி குடித்திருப்பாய்? சரி, விடு. பதில் போட்டாயே, அதுவே போதும்.

அருவியை நான் அளக்கவில்லை. ஆனால் அதன் அடியில் நின்றால் தேவாலயக் கோபுரம் ஞாபகம் வருகிறது.

நீ சொன்னபடி தள்ளித்தான் உட்கார்ந்தேன். என்னால் சும்மா உட்கார முடியாது என்பது உனக்குத் தெரியும். பின்னல் ஊசியை எடுத்துப் போனேன். காலுறையில் பாதி முடிந்தது, வட்டம் ஒன்றுகூட வரவில்லை. மறுநாள் பள்ளத்திலிருந்து மேலே குனிந்து குனிந்து போனேன். எனக்குப் பின்னாலேயே கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு ஆடு ஒன்று. துரத்தத் திரும்பினேன், பாசி வழுக்கியது, இடுப்பு வரை தண்ணீரில். கரையிலிருந்து மார்கித் கத்துகிறாள்:

"என்னக்கா, மீன் கெடைக்கலன்னு நீயே மீனா மாறிட்டியா?"

"வாய மூடு. கையக் குடு."

"குடுக்கறேன். ஆனா ஹெல்கேகிட்ட சொல்லுவேன். சம்பளத்துக்குக் கறவக்காரிய வச்சா அவ ஓடைல நீஞ்சுறான்னு."

அவள் நல்ல பெண். வாய்தான் நீளம். பால் ஜாடிகளை நான் ஜூனிப்பர் புதரின் கிளை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் மட்டுமே கழுவுவதைப் பார்த்து, "சவுக்காரத்தக் கண்டா பேயக் கண்ட மாதிரி ஓடுறியே, ஏன்?" என்று தினமும் கேட்கிறாள். நான் இன்னும் இரண்டு கிளை ஒடித்துப் போடுகிறேன்.

கல்லைப் புரட்டினேன். அடியில் கூடு கட்டிய புழுக்கள் இருந்தன, விரல் நகம் அளவுக்கு, பச்சையாக மணல் ஒட்டி. நேற்றுச் சாயங்காலம் ஒரு வட்டமும் வந்தது, நடுவில் குமிழி. சத்தியமாகப் பார்த்தேன்.

இன்னொரு செய்தி. ஓடையை ஒட்டி மேலே ஒரு ஒற்றையடிப் பாதை ஏறுகிறது. எங்கே போகிறது என்று மார்கித்தைக் கேட்டேன். "வெறுங்குளத்துக்கு. அங்க என்ன இருக்கு, தண்ணியும் காத்தும்தான்" என்றாள். நம் ஊரிலிருந்து மலை தாண்டி வருகிற பாதைதான் இது என்று எனக்கு அதுவரை தெரியாது. இந்தப் பக்கம் நான் வந்ததே இல்லையே. இப்போது உன்னிடம் மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

குரோ

*

ஃபியோர்ட் கரை,
14 ஜூலை

குரோ அவர்களுக்கு,

அந்த ஓடை எது என்று இப்போது புரிகிறது. முன்பே புரிந்திருந்தால் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன்.

அது அண்ணன் அன்றைக்குத் தூங்கிய இடம்.

உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. என் பக்கத்தை ஒருதடவை கேளுங்கள். போர் முடிந்த மறுவருடம். எனக்கு நிலம் கிடையாது. இளையவனுக்கு எப்போது கிடைத்திருக்கிறது? அன்றைக்கு வெறுங்குளத்துக்கு உரிமைக்காரராக இருந்த கிழவர் சொன்னார்: "ஜூலை முடியறதுக்குள்ள மீன் விடு. விட்டா உன் ஆயுசுக்கும் குளம் உன்னோடது. விடலன்னா பேச்சு முடிஞ்சுது." குளத்தில் மீன் இருந்தால் இலையுதிர்காலத்தில் பிடித்து, உப்புப் போட்டுப் புளிக்கவைத்து, கிறிஸ்துமசுக்கு விற்றே பிழைத்திருப்பேன். ஊரிலேயே இருந்திருப்பேன்.

மூன்று வாரம் வலை போட்டு நம் ஏரியிலிருந்து விரல் நீளக் குஞ்சுகளாக அறுபது பிடித்தோம். கடைசி நாள் நான் விடியும் முன்பே மேலே போனேன், குஞ்சுகளை முதலில் விட்டுவைக்கக் கல் அடுக்கித் தொட்டி கட்ட. அண்ணன் ஹால்வோர் பீப்பாயை முதுகில் கட்டிக்கொண்டு பின்னால் வர வேண்டும். மீன் சுமக்கிறவன் நிற்கக் கூடாது. நடந்தால் தண்ணீர் குலுங்கும், குலுங்கினால் காற்றுக் கலக்கும். நின்றால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். இது நம் பக்கத்தில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கல் அடுக்கி முடித்துக் காத்திருந்தேன். வந்தான். பீப்பாய் காலி.

"என்னண்ணே ஆச்சு?"

"ஓடைக்கரைல உக்காந்தேன். கண் அசந்துட்டேன்."

"மீனு?"

"செத்துப்போச்சு. கொட்டிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான். ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு உங்கள் சமையலறையில் நான் அவனிடம் பேசியதை நீங்களும் கேட்டீர்கள்.

அந்த ஓடையில் மீன் கிடையாது. வேறு வேலையைப் பாருங்கள்.

ஐவின்

*

பின்னோடைப் பட்டி,
20 ஜூலை

ஐவின்,

கேட்டேன். அடுப்புப் பக்கம் திரும்பிக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். "உன் ஒருமணி நேரத் தூக்கத்துக்கு என் வாழ்நாளையே கொட்டிட்டியேண்ணே" என்றாய். அவர் பேசவில்லை. நானும் திரும்பவில்லை. கஞ்சி அடிப்பிடித்தது. கிண்டிக்கொண்டே நின்றேன்.

திரும்பியிருக்க வேண்டும். இப்போது திரும்புகிறேன்.

உன் அண்ணன் தூங்கவில்லை.

அந்தப் பீப்பாய் குளிர்காலம் முழுக்கப் புளித்த மீன் இருந்த பீப்பாய். நாற்றம் உனக்குத் தெரியும். உன் குளத்துக்குப் போகிற பீப்பாய் நாறக் கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். எப்போதும் ஜூனிப்பர் தண்ணீரில்தான் கழுவுவோம். அந்த வாரம்தான் ஐந்து வருடத்துக்குப் பிறகு கடைக்கு நிஜமான சவுக்காரம் வந்திருந்தது. போரின்போது விற்ற களிமண் கட்டி இல்லை, நிஜமானது, மஞ்சளாக, வாசனையோடு. நான் அதைப் போட்டுத் தேய்த்தேன். உள்ளே முழுக்க. இரண்டு தடவை அலசினேன். பளபளவென்று இருந்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

மரம் குடித்துவைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் நடக்க நடக்கத் தண்ணீர் குலுங்கியது. மலை தாண்டி இறங்கும்போது மூடி இடுக்கில் நுரை வந்திருக்கிறது. இறக்கித் திறந்து பார்த்தால் பாதி மீன் வயிறு மேலாக மிதந்ததாம். விரல் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். புரிந்துவிட்டது. குளத்துக்கு இன்னும் முக்கால் மணி நடை. அதுவரை தாங்காது என்று பக்கத்தில் ஓடிய தண்ணீரில், உயிரோடு இருந்த முப்பதைக் கொட்டிவிட்டார். எந்த ஓடை என்று எனக்குச் சொல்லவில்லை. "பாதி வழியில ஒரு ஓடை. பொழைக்காது" என்றார்.

வந்ததும் என்னைத்தான் கேட்டார். "பீப்பாய எதுல கழுவின?" சொன்னேன். "சரி. நான் தூங்கிட்டேன்னு ஐவின்கிட்ட சொல்லிருக்கேன். நீயும் அப்படியே விட்டுடு" என்றார்.

அந்த ஏப்ரலில்தான் எங்கள் சின்னப்பெண்ணைப் புதைத்திருந்தோம். குளிரில் சரியாகப் பொத்திவைக்கத் தெரியாத தாய் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடியது. இன்னொரு பழியை நான் தாங்கமாட்டேன் என்று நினைத்திருக்கிறார். தாங்கியிருப்பேனோ என்னவோ. அவர் தாங்கினார். நான் விட்டுவிட்டேன். முதலில் ஒரு வாரம் என்று நினைத்தேன். நீ கோபத்தில் போயிருக்கிறாய், வந்ததும் சொல்லலாம் என்று. நீ வரவில்லை. ஒரு வருடம் ஆனதும் சொல்லவே முடியாமல் போய்விட்டது.

மீன் கிடைத்த பிறகு இதை எழுதலாம் என்றுதான் முதலில் இருந்தேன். ஒன்றைப் பிடித்துக் காட்டி, "பார், பிழைத்துக்கொண்டது" என்று சொன்னால் எனக்குச் சுலபம். அது வேண்டாம். மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சவுக்காரம் போட்டது நான்தான்.

குரோ

*

பின்னோடைப் பட்டி,
3 ஆகஸ்ட்

ஐவின்,

இரண்டு வியாழக்கிழமை வண்டி வந்து போய்விட்டது. வண்டிக்காரர் உன்னிடமிருந்து ஒன்றுமில்லை என்று கையை விரிக்கிறார். பரவாயில்லை. நான் உனக்குப் பன்னிரண்டு வருடம் எழுதாமல் இருந்தேன்.

நான் ஓடைக்குப் போவதை விடவில்லை. உட்கார இப்போது பழகிவிட்டது.

குரோ

*

ஃபியோர்ட் கரை,
8 ஆகஸ்ட்

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படகுத்துறையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. பதினொரு வருடத்தில் முதல் தடவை. மேலாளர், "என்னப்பா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றார். "ஆமா, மார்ச்சுல" என்றேன்.

உங்கள்மேல் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள், அன்றைக்கு அந்தச் சமையலறையில் நிஜம் தெரிந்திருந்தால் உங்களிடம் என்னவெல்லாம் பேசியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தக் குழந்தை போய் நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நான் அதையும் சேர்த்துத்தான் பேசியிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

அண்ணி, ஒன்று சொல்லட்டுமா? அவன் தூங்கினான் என்பதை என்னால் ஒருநாளும் முழுதாக நம்ப முடிந்ததில்லை. பிரசங்கத்தின்போதுகூடத் தூங்காத ஆள். நம்ப முடியாததால்தான் கோபம் அதிகமானது. என் வாழ்க்கை அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை, அதனால்தான் அவ்வளவு சாவகாசமாக உட்கார்ந்தான் என்று நினைத்தேன். இப்போது அந்த எண்ணம் போய்விட்டது. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுகிறதே, அதுபோல அந்தக் கோபத்தைத் தேடுகிறேன். அங்கே இல்லை. சவக்குழிப் பக்கம் வராமல் போனேனே என்பதுதான் இருக்கிறது.

சரி. வேலையைப் பார்ப்போம்.

முப்பது குஞ்சு, சவுக்காரம் குடித்தவை, பன்னிரண்டு குளிர்காலம். கணக்குப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சக் கூடாது. ஆனால் நீங்கள் குமிழி பார்த்தேன் என்கிறீர்கள். குமிழி பொய் சொல்லாது.

பெரிய மீனைத் தேடாதீர்கள். பெரியது ஒன்று கிடைத்தால் அதில் ஒரு நிரூபணமும் இல்லை; எவனாவது போன வருடம் விட்டிருப்பான். சின்னதைத் தேடுங்கள். விரல் நீளம். சின்னது இருந்தால் அங்கேயே பிறந்தது என்று அர்த்தம். அதன் தாயும் தகப்பனும் அங்கே வாழ்ந்தார்கள் என்று அர்த்தம். சின்னவை ஆழத்தில் நிற்காது. பெரியவை தின்றுவிடும். கரையோரம், கணுக்கால் தண்ணீரில், சரளைக்கல் மேலே பாருங்கள்.

நம் ஏரி மீனுக்குக் கன்னத்தில், செவுள் மூடிமேல், ஒரு பெரிய கறுப்புப் பொட்டு இருக்கும், கரி பிடித்த கட்டைவிரலை வைத்து அழுத்தியதுபோல. வடக்குப் பக்க மீனுக்கு அது கிடையாது.

தக்கையில் இரண்டு கொக்கி குத்தி உள்ளே வைத்திருக்கிறேன். நைலான் நூலும் இருக்கிறது. கம்பு நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். கையில் குத்திக்கொள்ளாதீர்கள். ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டுப் போங்கள்.

ஐவின்

*

பின்னோடைப் பட்டி,
17 ஆகஸ்ட்

தம்பி ஐவின்,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வரிசையாகவே சொல்கிறேன்.

வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது, கறவை முடிந்ததும் போனேன். ஆட்டைக் கட்டிப்போட்டேன். பாதை ஓடையைத் தொடுகிற இடத்திலிருந்து இருநூறு அடி கீழே ஓடை அகலமாகி, கணுக்கால் அளவில் சரளைமேல் ஓடுகிறது. நான் இவ்வளவு நாளும் ஆழமான மடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றை வைத்துப் படுத்தேன். பாவாடை நனைந்தது. கற்கள்தான் தெரிந்தன. வெகுநேரம் கற்கள்தான். பிறகு ஒரு கல் நகர்ந்தது.

கல் இல்லை. விரல் நீளம். பக்கவாட்டில் யாரோ விரல்களை வைத்து எடுத்ததுபோல நீலத் தடங்கள், ஓரத்தில் சிவப்புப் புள்ளி. மேட்டுப் பக்கம் பார்த்து நின்றது. வாலை மட்டும் ஆட்டியது. கண் பழகியதும் அதற்குப் பின்னால் இன்னொன்று. எண்ணினேன். பத்தொன்பது வரை எண்ணினேன். அப்புறம் கண் மறைத்துவிட்டது, எண்ண முடியவில்லை.

மார்ச்சிலிருந்து நான் அழவில்லை, உனக்குத் தெரியாது. சவப்பெட்டி இறங்கும்போதுகூட வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொல்லியிருப்பார்கள். அந்தச் சரளைக்கரையில் படுத்துக்கொண்டு அழுதேன். சத்தமாக. "பொழைக்காதுன்னு சொன்னியே, பொழைச்சிருக்கு பாரு" என்று அவரிடம் ஒருமையில் கத்தினேன். அந்தச் சத்தத்தில் பத்தொன்பதும் ஓடிவிட்டன.

மார்கித் ஓடிவந்தாள். யாருக்கோ கால் உடைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

"என்னக்கா? பாம்பா?"

"மீனுடி."

"மீனுக்கா இந்தக் கத்து? கடிச்சிருச்சா?"

அவளையும் படுக்கவைத்துக் காட்டினேன். முதலில் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும், "அடியாத்தீ! நாலு வருஷமா இங்க வாளி கழுவுறேன்!" என்றாள். பிறகு உட்காரவைத்து எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னேன். சவுக்காரம் தொடாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது அவளுக்கு. இப்போது கேலி செய்வதில்லை. அவளும் ஜூனிப்பர் கிளை ஒடித்துக்கொண்டு வருகிறாள்.

மறுநாள் உன் கொக்கியோடு மடுவுக்குப் போனேன். புல் தொங்குகிற கரைக்கு அடியில், நுரை போகிற வழியில், புழுவை விட்டேன். மூன்றாவது தடவை இழுத்தது. ஐந்து பிடித்தேன். மூன்றின் கன்னத்தில் பொட்டு இருந்தது. இரண்டில் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். பொட்டு உள்ள ஒன்று என் முழங்கையளவு. அதை மட்டும் திரும்ப விட்டுவிட்டேன். முப்பதில் ஒன்றாக இருக்குமோ என்று தோன்றியது. அவ்வளவு வருடம் ட்ரவுட் வாழுமா? வாழாது என்றாலும் எனக்கு எழுதாதே.

மற்றதில் இரண்டை வெண்ணெயில் வாட்டி, புளித்த பாலேடு ஊற்றி, தட்டை ரொட்டியோடு நானும் மார்கித்தும் சாப்பிட்டோம். சதை சிவப்பாக இருந்தது, நம் ஏரியில்போல. எனக்குப் பசித்தது, ஐவின். இத்தனை மாதமும் கடனுக்குத் தின்றேன். அன்றைக்குப் பசித்தது. தட்டை ரொட்டியால் துடைத்துத் தின்றேன்.

மீதி இரண்டையும் உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போட்டு, சின்ன வாளியில் கல் வைத்து அழுத்தியிருக்கிறேன். கிறிஸ்துமசுக்குப் பதமாகிவிடும். அதற்கு ஆள் வேண்டும். நான் ஒருத்தியே புளித்த மீனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வீடு இன்னும் பெரிதாகத் தெரியும்.

இன்னொன்று. நேற்று ஹெல்கே வந்தார். வெறுங்குளம் இப்போது அவர் கையில். கேட்டேன்.

"அதுல தவளகூட இல்லியேம்மா. எதுக்கு?"

"என் கொழுந்தன் மீன் விடணும்னு நெனச்சான்."

"எப்ப?"

"பன்னெண்டு வருஷம் முன்னாடி."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவசரப்படாத ஆளுதான் போல. எடுத்துக்கச் சொல்லு. எனக்கு வருஷத்துக்கு ரெண்டு மீன் குடுத்தாப் போதும்" என்றார். எழுதித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். சாட்சிக்கு மார்கித் நின்றாள்.

ஓடையிலிருந்து குளத்துக்கு முக்கால் மணி நேரம்தான்.

அண்ணி

*

ஃபியோர்ட் கரை,
24 ஆகஸ்ட்

அண்ணி,

விடுப்புக் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு சுலபம் என்று மார்ச்சில் தெரியாமல் போனது. தெரிந்துதான் இருந்தது. சரி.

செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமைப் பேருந்தில் நம் ஊரில் இறங்குகிறேன். முதலில் கல்லறைக்குப் போகிறேன். அங்கே நான் தனியாகப் பேச வேண்டியது இருக்கிறது. பிறகு மலை ஏறி, அவன் வந்த அதே வழியில் வருகிறேன். மதியத்துக்குப் பட்டியில் இருப்பேன்.

சரளையில் நிற்கிற குஞ்சுகள் போதும். நாற்பது பிடிப்போம். நான் கட்டிய கல்தொட்டி இன்னும் அங்கே இருக்கும். கல்லை யார் தூக்கிப் போகப் போகிறார்கள்? இந்தத் தடவை நான் சுமக்கிறேன். நீங்கள் பின்னால் நடந்து வாருங்கள். நான் உட்காரப் போனால் உதையுங்கள்.

முழங்கை நீள மீனைப் பற்றி நீங்கள் எழுதாதே என்றதால் எழுதவில்லை. ஆனால் குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக வளர்கிறவை நீண்ட நாள் இருக்கும். அது மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஒரு பீப்பாய் வேண்டும். ஹெல்கேவிடம் கேட்டு வையுங்கள்.

தயவுசெய்து கழுவ வேண்டாம்.

ஐவின்

*

பின்னோடைப் பட்டி,
4 செப்டம்பர்

தம்பி,

வண்டிக்காரர் வாசலில் நிற்கிறார், அதனால் நாலே வரி.

பீப்பாய் கிடைத்தது. கயிறு கட்டி ஓடையில் போட்டிருக்கிறேன், நுரை போகிற வழியில். நீ வரும்வரை தண்ணீரே கழுவட்டும். நான் விரலால்கூடத் தொடவில்லை. மார்கித் சாட்சி.

அவருடைய கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு எழுதியிருக்கிறேன். வரும்போது போட்டுக்கொண்டு வா. மலைமேல் குளிர ஆரம்பித்துவிட்டது.

அண்ணி